கன்றீன்ற பசு எழாது கிடந்தால்: பாற்காய்ச்சலும் பரிகாரமும்



கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா முதலிய இடங்களில் நெல்லும் காய்கறியும் செய்வோர் பலர் கறவைப் பசுக்களையும் வளர்க்கின்றனர். நலமாயிருந்த பசு, கன்றீன்ற மறுநாள் எழ முடியாமற் கிடப்பதுண்டு. இதனைக் கண்ணூறு எனக் கருதிக் காலங்கடத்தினால், ஒரு நாளுக்குள்ளேயே பசுவை இழக்க நேரிடலாம். இது பாற்காய்ச்சல் என்னும் நோயாகும்.

காரணம்

பெயரிற் காய்ச்சல் உண்டெனினும் உடலிற் சூடு இராது. கன்று பிறந்ததும் இரத்தத்திலுள்ள கல்சியம் பாலுடன் மிகுதியாக வெளியேறுகின்றது. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகளின் ஓமோன், எலும்பிலுள்ள கல்சியத்தை எடுத்து அக்குறையை நிரப்ப வேண்டும். இவ்வேலை தாமதித்தால் தசைகள் வலுவிழக்கும். இச்சுரப்பிகளுக்கும் நோய்க்கும் தொடர்புண்டென 1925ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டிரையர், கிரெய்க் என்போர் எடுத்துக் கூறினர்.

மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, பால் மிகுந்த ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்களையே இந்நோய் பெரிதும் தாக்கும். நாட்டுப் பசுக்களில் அரிது.

அறிகுறிகள்

பெரும்பாலும் ஈன்று 3 நாட்களுக்குள் இவை தோன்றும். பசு இரை எடாது, நடை தள்ளாடும், காதுகள் குளிரும், மூக்கு உலரும். பின்னர் படுத்துத் தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருக்கும்.

செய்ய வேண்டியவை

1. இரவாயினும் அரச மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். அவர் கல்சியம் போரோகுளுக்கோனேற்று மருந்தை நரம்பு வழியே மெதுவாக ஏற்றுவார். விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆதலால் நீங்களே ஏற்ற முயலாதீர்கள்.

2. வாயிற் கசாயமோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். விழுங்கும் வலுவிழந்த பசுவுக்கு அது நுரையீரலிற் புகுந்து உயிரைப் போக்கும்.

3. பசு ஒருக்களித்துச் சாயாதவாறு, வைக்கோற் பொதிகளை அண்டை கொடுத்து நெஞ்சின்மேல் இருத்துங்கள். 2 மணிக்கொரு முறை பக்கம் மாற்றுங்கள்.

தடுக்கும் வழி

ஈனுவதற்கு முந்திய 3 வாரங்களில் கிளிசரிடியா, முருங்கைத் தழைகளையும் சுண்ணாம்புச் சத்துக் கலவைகளையும் குறைத்து, புல்லும் வைக்கோலும் கொடுங்கள். நெடுநாள் திறவாத மதகு வேண்டும் வேளையில் இறுகி நிற்பதுபோல, சத்து மிகுந்தால் சுரப்பிகளும் சோம்பிவிடும். ஈன்றபின் வைத்தியரின் ஆலோசனைப்படி கல்சியம் கொடுக்கலாம்.

காலத்தே மருந்து ஏற்றிய பசுக்களிற் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஆகவே, பசு ஈனும் நாளை முன்கூட்டியே கணித்து, வைத்தியரின் தொலைபேசி எண்ணைத் தொழுவத்திலே எழுதி வையுங்கள்.