தோட்டத்துப் பிள்ளைக்கு விவசாய விஞ்ஞானம் ஏன்?

விவசாயம் ஒரு பாடம் என்றதும் எமது தோட்டப் பகுதிகளில் பலருக்கு முகம் சுருங்குகிறது. "நாங்கள் கூடை சுமந்தது போதும், பிள்ளையாவது வேறு தொழிலுக்குப் போகட்டும்" என்கிறார்கள் பெற்றோர். அந்த ஆதங்கத்தை நாம் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்தும் அந்த மண்ணில் உரிமை காணாத மக்களின் பேச்சு அது.

ஆனால் மண்ணில் உழைப்பது வேறு, மண்ணை அறிவது வேறு. எப்போது கவ்வாத்து வெட்டுவது, எந்த உரத்தை எவ்வளவு போடுவது என்ற தீர்மானங்கள் துரைமாரிடம் இருந்தன. உழைப்பு லயத்தில் இருந்தது. லயத்தில் அறிவு இல்லாமலில்லை. கொழுந்தைத் தொட்ட மாத்திரத்தில் அதன் பக்குவத்தைச் சொல்லும் தாய்மார் எம்மிடையே உண்டு. அதற்குரிய காரணத்தைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் காரணத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதே விவசாய விஞ்ஞானம்.

மடுல்சீமையில் தோன்றிய நோய்

இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் 1869ஆம் ஆண்டு கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பார்க்லி என்ற பங்கசு அறிஞர் அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை.

1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நோய் காற்றில் பரவுகிறது என்பதும், ஈரமான இலையில் வித்தி முளைத்து இலைவாய் வழியே உட்புகுகிறது என்பதும் தெளிவாயின. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. கோப்பிக்கென வந்த எமது முன்னோர் பலர் வேலை இழந்தனர். மலைகளைத் தேயிலை மூடியது.

எமது மக்களின் வரலாற்றையே திருப்பிவிட்டது கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு. வீட்டுத் தோட்டத்துக் கோப்பிச் செடியில் அந்தப் பொடியை இன்றும் காணலாம். ஒரு கண்ணாடித் துண்டும் சிறிது வசிலினும் ஒரு நுணுக்குக்காட்டியும் இருந்தால், வோர்ட் செய்த பரிசோதனையை மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

இரண்டு பாத்திகள்

தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. போஞ்சி, கோவா போன்றவற்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 6.5 வரை தேவை. தேயிலை நின்ற மண்ணில் போஞ்சி நட்டு, அது மஞ்சளித்துக் குன்றியதும் "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று கைவிடுவோர் பலர்.

பாடசாலை வளவில் இரண்டு பாத்திகள் போடுவோம். ஒன்றில் மட்டும் டொலமைட் கலந்து, இரண்டு வாரம் விட்டு, இரண்டிலும் போஞ்சி விதைப்போம். பூக்கும் பருவத்தில் சில செடிகளை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்கட்டும் பிள்ளைகள். வேர்ச் சிறுகணுக்களை எண்ணட்டும். ஒன்றை வெட்டிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்குள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைச் செடிக்கு உணவாக்குகின்றன என்று பொருள். கடும் அமில மண்ணில் இச்சிறுகணுக்கள் குறைவாகவே உருவாகும். கண்டு, எண்ணி, எழுதிய பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

2021 தந்த பாடம்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இதற்கிடையில் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை நாடே கண்டது. பத்தாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய ஒரு கணக்கு இதில் உண்டு. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. கூட்டெருவில் ஒன்றிரண்டு பங்கே. ஒரு கிலோ நைதரசனுக்கு யூரியா இரண்டேகால் கிலோ அளவில் போதும். கூட்டெருவோ 50 முதல் 100 கிலோ வரை வேண்டும். அதனால் கூட்டெரு வீண் என்பதல்ல. மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தி, நீரைப் பிடித்து, நுண்ணுயிர்களை வாழவைப்பது அதுவே. ஆகவே எதை எதற்காக, எவ்வளவு இடுவது என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்கத் தெரியாத சமூகம் பிறர் எடுக்கும் முடிவின் சுமையைத் தாங்க மட்டுமே செய்யும்.

அடுப்படி வரை

இந்த விஞ்ஞானம் வயலோடு நிற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இதற்கு வறுமை முதற் காரணம். அதைப் பாடத்தால் மட்டும் தீர்க்க முடியாது. எனினும் அறிவால் திருத்தக்கூடியவை சில உண்டு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேநீரின் பொலிபீனோல்கள் தடுக்கின்றன. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், கீரைக்கு எலுமிச்சம்புளி விடுவதும் காசு கேட்காத மருத்துவம். வகுப்பில் இதை அறிந்த பிள்ளை அன்றிரவே அம்மாவிடம் சொல்லும்.

நாம் செய்யக்கூடியவை

விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தோட்டப் பாடசாலைகளின் நெடுநாளைய குறை. அது தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் பசறையில் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் பண்டாரவளையில் உண்டு. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, மாணவரை அங்கு அழைத்துச் செல்ல ஆசிரியர்கள் முயலலாம். 2005இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கே பட்டப்படிப்பு உண்டு. சாதாரண தரத்தில் விவசாயத்தையும் உணவுத் தொழினுட்பத்தையும் கற்கும் பிள்ளை, உயர்தரத்தில் உரிய பாடங்களை எடுத்து அந்த வாசலை அடைய முடியும் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வோம்.

கூடை சுமந்த தாயின் பிள்ளை மீண்டும் கூடை சுமக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தாயின் கைக்குத் தெரிந்ததன் காரணத்தை அப்பிள்ளை கற்கட்டும். மண்ணைப் பரிசோதிக்கவும், நோயை இனங்காணவும், உரத்தின் கணக்கைக் கேட்கவும் தெரிந்தவராக அது வளரட்டும்.