வீடும் பாடசாலையும் கைகோர்த்தால்…

2013ஆம் ஆண்டு தை மாதம். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் ஆறுக்கு நான் வகுப்பாசிரியையாக இருந்தேன். புதிய ஆண்டு தொடங்கியதும் மாணவர் விபரப் படிவத்தைக் கொடுத்து, வீட்டில் நிரப்பிக்கொண்டு வரச் சொல்வது வழக்கம். மூன்று நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் தந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் தரவில்லை. "மறந்துபோனன் ரீச்சர்" என்றான். அடுத்த நாளும் அதே பதில். ஒரு கிழமை போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. அவனுடைய தாய் வந்தார். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் அந்தப் படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது. தகப்பனாரின் பெயரும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் "தொழில்" என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ரீச்சர், அவரை 2009இல முள்ளிவாய்க்கால் பக்கத்தில விட்டுப் பிரிஞ்சனாங்கள். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன். இதில நான் என்னத்தை எழுதுறது? இல்லை எண்டு எழுத என்ர கை வராது. இருக்கிறார் எண்டு எழுதினால் என்ன வேலை எண்டு கேப்பீங்கள். இவன்தான், 'நீங்கள் அழாதேங்கோ அம்மா, நான் மறந்துபோனன் எண்டு சொல்லுறன்' எண்டவன்."

பதினொரு வயதுப் பிள்ளை ஒரு கிழமையாகப் பொய் சொன்னது தன் தாயைக் காப்பாற்றுவதற்காக. நானோ அதைக் கவலையீனம் என்று எண்ணி ஏசியிருக்கிறேன்.

அன்பான தாய்மாரே, இதை என் பிழையை ஒப்புக்கொள்வதற்காக மட்டும் எழுதவில்லை. வீட்டுக்குத் தெரிந்தது பாடசாலைக்குத் தெரியவில்லை. பாடசாலையில் நடந்தது வீட்டுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தனியே நின்றது. எங்கள் பிள்ளைகள் பலர் படிப்பில் பின்தங்குவதற்கு மூளைக் குறைவு காரணமல்ல. இந்தத் தனிமைதான் காரணம்.

நாங்கள் கைவிடாத கல்வி

யாழ்ப்பாணத்தார் படிப்பைப் பெரிதாக மதிப்பவர்கள் என்பது ஊரறிந்த விடயம். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அதற்காகப் பாடுபட்டார். 1980இல் இலவசப் பாடநூல்களும், 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வரத் தொடங்கின. இவை எவரும் எமக்கு இரக்கப்பட்டுத் தருபவை அல்ல. எங்கள் பிள்ளைகளின் உரிமை.

பிறகு வந்ததையும் நாம் மறக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பாடசாலை வளவுகளில் பதுங்கு குழிகள் இருந்தன. 1995 செப்ரெம்பரில் நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்து மாணவர்கள் மாண்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அங்கேயும் மரநிழலில் வகுப்புகள் நடந்தன. 2009இல் செட்டிகுளம் முகாம்களிலும் தறப்பாளின் கீழ் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

இவ்வளவுக்குள்ளும் படிப்பு நிற்காததற்குக் காரணம் யார்? சோற்றுப் பானையோடு பிள்ளையின் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு நடந்த தாய்மார். வகுப்பறை இல்லாத இடத்திலும் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் படிப்பித்த ஆசிரியர்கள். அன்று இந்த இரு கைகளும் தாமாகவே சேர்ந்திருந்தன. ஒரே மரத்தின் கீழ் இருந்தபடியால் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. இன்று மதில் கட்டி, கேற் போட்ட பிறகு, அந்தப் பழக்கம் குறைந்து வருகிறது.

போர் விட்டுச் சென்றது

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அன்று சிறுமிகளாகப் பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள் பலர் இன்று தாய்மார். அவர்களுடைய பிள்ளைகள் போரைக் காணவில்லை. ஆனாலும் தாயின் நித்திரையின்மையை, திடீர்க் கோபத்தை, வெடிச் சத்தம் கேட்டால் வரும் நடுக்கத்தை அவர்கள் காண்கிறார்கள்.

பயத்தோடும் துயரத்தோடும் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் மனதில் பதிவது கடினம். கண் கரும்பலகையில் இருக்கும், எண்ணம் வேறெங்கோ இருக்கும். வாசித்தது மறந்துபோகும். சிலர் பேசாமல் ஒதுங்குவார்கள். சிலர் சண்டை பிடிப்பார்கள். முன்னவரை "நல்ல அமைதியான பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். பின்னவரைக் "குழப்படிக்காரன்" என்று அடிக்கிறோம். இருவரும் கேட்பது ஒரே உதவியைத்தான். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்து, ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி அளித்தார்கள்.

வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 359 தமிழ்ப் பிள்ளைகளைச் சந்தித்து நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. கொடிய அனுபவங்கள் கூடக்கூட மனத்துயரும் பயமும் கூடுவது வழக்கம். ஆனால் தங்கள் பெற்றோர் அன்போடு கவனிக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்புக் குறைந்திருந்ததை அந்த ஆய்வு கண்டது. தாய்மாரே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நடந்ததை எம்மால் மாற்ற முடியாது. காசு பணம் எங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளையைக் காக்கும் மருந்து ஒன்று எங்கள் கையில் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

"நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான், பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கேட்டால் போதும். சமைக்கும்போது பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுப் பிள்ளையை இருத்தி, "இண்டைக்கு என்ன படிச்சனீ, எனக்கும் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். பிறருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் படித்தது தனக்கே தெளிவாகும். எங்கே தடுமாறுகிறதோ, அந்த இடத்தை நாளைக்கு ரீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

படிப்பதற்கு ஒரு மூலையையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்துங்கள், உங்களுடையதையும் சேர்த்து. இரவு நேரத்தோடு படுக்க விடுங்கள். நித்திரையில்தான் படித்தது மனதில் நிலைக்கிறது. விடிய நாலு மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று கவலைப்படுவதில் பயனில்லை. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு துண்டு ரொட்டியும் சம்பலுமாவது உள்ளே போகட்டும்.

மூத்த மகனைப் பார்த்து, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லாதீர்கள். மூத்த மகளைச் சமையலுக்கும் தம்பி தங்கையைப் பார்ப்பதற்குமாக மறித்து வைக்காதீர்கள். உதவி கேட்கலாம். பாரத்தை முழுவதும் ஏற்றக்கூடாது. கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது பிள்ளையை அனுப்பி "அம்மா இல்லை" என்று சொல்லவைப்பதும் கூடாது.

தகப்பனைப் பற்றிப் பிள்ளை கேட்டால் வயதுக்கு ஏற்ற உண்மையைச் சொல்லுங்கள். "வெளிநாட்டில இருக்கிறார்" என்று சொல்லி வைத்த பொய் ஒருநாள் வெளிப்படும். அன்று பிள்ளை உங்களையும் நம்பாது. "அப்பாவைத் தேடுறம், என்ன நடந்தது எண்டு இன்னும் தெரியேல்லை. ஆனால் உன்னில அவருக்கு நல்ல விருப்பம்" என்று சொன்னால் பிள்ளை அழும். அழட்டும். சேர்ந்து அழுவதிலும் ஓர் ஆறுதல் உண்டு.

பாடசாலை என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியர்களுக்கும் இரண்டு வார்த்தை. பிள்ளை கொப்பி கொண்டுவராவிட்டால், ஏன் என்பதைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அடிப்பதால் பயம் வளரும், படிப்பு வளராது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. 2016இலும் அதை வலியுறுத்தியது. ஆசிரியர் அடித்ததால் மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே "நல்லாய் அடியுங்கோ ரீச்சர், கண்ணை மட்டும் விடுங்கோ" என்று எங்கள் தாய்மார் சொல்லும் பழைய பேச்சையும் நாம் விட்டுவிட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார் வராததை அக்கறையீனம் என்று கொள்ளாதீர்கள். ஒருநாள் கூலி போனால் இரண்டு நாள் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. "காசு கேப்பினம்" என்ற பயத்திலும், "நல்ல சீலை இல்லை" என்ற வெட்கத்திலும் வராதவர்கள் உண்டு. பின்னேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் அவர்களும் வருவார்கள்.

தாய்மாரே, நீங்களும் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தவணைக்கு ஒரு தடவையாவது வகுப்பாசிரியரைக் காணுங்கள். மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். வீட்டில் என்ன கஷ்டம், பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, எதில் அதற்கு விருப்பம். மூன்று விடயங்களைக் கேளுங்கள். வகுப்பில் யாரோடு சேர்கிறது, எந்தப் பாடத்தில் பின்நிற்கிறது, நான் என்ன செய்ய வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் அதிபரிடம் நேரே சொல்லுங்கள். அதற்காகப் பிள்ளையை மறித்து வைக்காதீர்கள். 16 வயதுவரை பாடசாலைக்குப் போவது இன்று சட்டப்படி கட்டாயம்.

நித்திரையில் அலறுதல், படுக்கையில் சிறுநீர் போதல், சாப்பாட்டில் வெறுப்பு, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால் தாமதிக்காதீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. பிள்ளைக்கு எங்காவது கொடுமை நடந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம்.

வெற்றி என்பது என்ன?

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வந்தால் எங்கள் ஊரில் தாய்மாருக்கே காய்ச்சல் வந்துவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைக்கு மாலை. இரண்டு புள்ளி குறைந்த பிள்ளைக்கு ஏச்சு. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைப்பதற்காக வந்த பரீட்சை அது. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்துவதற்காக வந்ததல்ல. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன தவணை 30 எடுத்த பிள்ளை இந்தத் தவணை 40 எடுத்தால் அதுவும் வெற்றிதான். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மீண்டும் எழுதலாம். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு வாசல்கள் மட்டுமல்ல, தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன பிள்ளைக்கு வருவோம். அன்று அந்தத் தாயும் நானும் வகுப்பறை வாங்கில் அரை மணி நேரம் இருந்து கதைத்தோம். தொழில் என்ற இடத்தை வெறுமையாகவே விட்டோம். பாதுகாவலர் என்ற இடத்தில் தாயின் பெயரை எழுதினோம். மறுநாள் அவன் வந்ததும் தனியே கூப்பிட்டு, "நான் ஏசினது பிழையடா தம்பி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரம் நான் கேட்காமலே கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்தால் வரும் வழியில் தாய் என்னை எட்டிப் பார்ப்பார். கணிதத்தில் இரண்டாந் தடவைதான் சித்தியடைந்தான். மின்னியல் வேலை பழகினான். இன்று சொந்தக் காலில் நிற்கிறான். தகப்பனைத் தேடுவதைத் தாயும் மகனும் இன்னும் விடவில்லை.

அந்த அரை மணி நேரத்துக்கு எந்தச் செலவும் இல்லை. போன கூலி ஒருநாள் கூலிதான். ஆகவே தாய்மாரே, வரும் தவணையில் ஒருநாள் பாடசாலைப் படியேறுங்கள். நல்ல சீலை தேட வேண்டாம். தோட்டத்து மண் காலில் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களை விட நன்றாக அறிந்தவர் எவரும் அங்கே இல்லை.