ஈயம் அழும் சத்தம் கேட்டதுண்டா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை நிகழ்ச்சியில் ‘எஸ்டிபிஎம் முடிச்சாச்சு, அடுத்து என்ன?’ என்று கேட்டு நேயர்களின் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் பேசினார்கள். மூவர் மருத்துவம், ஒருவர் மருந்தியல், இருவர் கணக்கியல், ஒரு தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. பாட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது என் கைப்பேசி மின்னியது. அண்ணன்.

“உன் மருமக என்னா சொல்றா தெரியுமா? இரும்பு உருக்குற படிப்பு படிக்கப் போறாளாம். ரேடியோவுல ஊருக்கெல்லாம் வழி சொல்ற, இங்க வந்து இவளுக்குச் சொல்லு.”

அண்ணனின் கோபத்துக்குக் காரணம் உண்டு. பத்து ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவர் அவர். அதன் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். 2009இல் ஆட்குறைப்பு வந்தது. அந்த இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த எதுவும் வேறெங்கும் செல்லுபடியாகவில்லை. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். “தொழிற்சாலையை நம்பிப் படிக்காதே” என்பதுதான் மகளுக்கு அவர் சொல்லும் ஒரே அறிவுரை.

தாத்தாவுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஜோர்ஜ் டவுனில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்கொயர் நிற்கும் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு காலத்தில் ஈய உருக்காலை இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இன்னொன்று, 1902இல் தொடங்கியது. பேராக்கின் சுரங்கங்களில் தோண்டிய தாது இங்கே வந்து உருகிக் கட்டியாகிக் கப்பல் ஏறியது. தாத்தா டத்தோ கிராமாட்டில் வேலை செய்தவர். அவரிடம் விரல் நீளத்தில் ஓர் ஈயக் குச்சி இருந்தது. சின்ன வயதில் என் காதருகே அதைப் பிடித்து மெல்ல வளைப்பார். ‘கிறீச்’ என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். “ஈயம் அழுது பாரு. அழுதாத்தான் சுத்தமான ஈயம்” என்பார். ஒலியை வைத்துப் பிழைக்கும் வேலைக்கு நான் வந்ததற்கு அந்தக் குச்சிதான் காரணமோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

(நம் நாட்டில் ஈயம் என்று நாம் சொல்வது பாடப்புத்தகத்தில் வெள்ளீயம். காரீயம் வேறு, நஞ்சு அது. இந்தக் கட்டுரையில் நான் ஈயம் என்றால் வெள்ளீயம்தான்.)

அந்தச் சனிக்கிழமை மருமகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். பினாங்குத் தீவில் யுஎஸ்எம் இருந்தாலும், அதன் பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது. பேராக்கில் இருந்த வளாகம் 2001இல் அங்கே மாறி வந்தது. பொருள், கனிம வளப் பொறியியலுக்கு அங்கே தனிப் பள்ளியே உண்டு. ‘உலோகவியல் பொறியியல்’ என்ற பெயரில் பட்டம் நம் நாட்டில் அரிது. பெரும்பாலும் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் என்ற பெயருக்குள்தான் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படியில்லை. திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, கோவை பிஎஸ்ஜி கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் பெயரிலேயே துறைகள் உண்டு.

எங்களுக்காகக் கேண்டீனில் காத்திருந்தவர், சுங்கை பட்டாணியைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு மாணவி, என் தோழியின் தங்கை. தே தாரிக் வருவதற்குள் நான் கேட்டேவிட்டேன்: “நாலு வருஷம் உலை முன்னால நிக்கணுமாம்மா?”

அவள் சிரித்தாள். “முதல் வருஷம் உலையைப் பார்க்கவே விடமாட்டாங்க அக்கா. கணக்கு, இயற்பியல், வேதியியல், வரைபடம். கணக்கு பிடிக்காதவங்க அங்கேயே திணறிடுவாங்க.”

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனால் உலகம் முழுக்க இந்தப் படிப்பின் எலும்புக்கூடு ஒன்றுதான். உலோகத்தின் அணுக்கள் எப்படி வரிசை கட்டி நிற்கின்றன, அந்த வரிசையை எப்படி மாற்றலாம், மாற்றினால் அதன் குணம் என்ன ஆகும்? சுற்றிச் சுற்றி இதைத்தான் படிக்கிறார்கள்.

பினாங்கு ஸ்திரீட்டில் நாம் வாங்கும் 916 நகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். சுத்தத் தங்கம் மென்மையானது. அதில் வளையல் செய்தால் எளிதில் நசுங்கிவிடும். அளவில் வேறுபட்ட செம்பு அணுக்கள் தங்க அணுக்களின் வரிசைக்குள் நுழைந்ததும், அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது கடினமாகிறது. நகை உறுதியாகிறது. பத்தருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த இந்தச் சங்கதியை இரண்டாம் ஆண்டில் சமன்பாட்டோடு படிக்கிறார்கள்.

அதே ஆண்டில் நிலை வரைபடம் என்று ஒன்று வரும். அதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி என்றாள் அந்த மாணவி. அவள் ஒரு திசுத்தாளில் வரைந்து காட்ட, எனக்குப் பாட்டியின் ஈயச் சொம்பு ஞாபகம் வந்தது. ரசத்தை முதலில் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும் என்று பாட்டி கத்துவார். வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும். ஈயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும், அடுப்புத் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடு. சொம்புக்குள் ரசம் இருக்கும்வரை அதன் சூடு 100ஐ ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும்.

இனித்தான் விந்தை. காரீயம் உருகுவது 327 டிகிரியில். இரண்டையும் கலந்தால் இடையில் எங்கோ உருகும் என்றுதானே நினைப்போம்? ஏறத்தாழ 62 விழுக்காடு ஈயமும் மீதி காரீயமுமாகச் சேர்த்தால், இரண்டையும்விடக் குறைவாக, 183 டிகிரியிலேயே உருகிவிடும். இந்தக் கலவைதான் வானொலிப் பெட்டி முதல் கணினி வரை எல்லாவற்றையும் ஒட்டவைத்த சோல்டர், நம் பத்தர்களின் பேச்சில் சொன்னால் பற்றாசு. எதை எவ்வளவு கலந்தால் எந்தச் சூட்டில் எந்த நிலையில் இருக்கும் என்பதை ஒரே படத்தில் காட்டுவது நிலை வரைபடம். இரும்பு–கரி வரைபடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன் என்றாள்.

பிறகு ஆய்வுக்கூட வேலை. ஒரு துண்டு எஃகை வெட்டி, பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுத்தாள், பிறகு 400, 600, 800, 1200 என்று மென்மையாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தைய கீறல் முழுதும் மறைந்தால்தான் அடுத்த தாள். கடைசியில் வைரத்தூள் பசை. முகம் பார்க்கும் கண்ணாடி போல் ஆனதும், மதுசாரத்தில் கலந்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடிகள். நொடி கூடினால் கருகிவிடும், மறுபடி முதலிலிருந்து. சரியாக வந்தால் நுண்ணோக்கியில் எஃகின் உள்ளே ஓர் ஊரே தெரியும். மணி மணியாக எல்லைகள், வெள்ளைத் திட்டுகள், கைரேகை போன்ற வரிகள். அதைப் பார்த்தே இந்த எஃகு மெல்ல ஆறியதா, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்தப்பட்டதா என்று சொல்ல வேண்டும். அவள் கைப்பேசியில் இருந்த படங்களை என் மருமகள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தே தாரிக் ஆறிப் போனது.

தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதும் பாடத்தில் உண்டு. ஈயத் தாது என்பது ஈயமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், ஈயம் தனியே நிற்கும். தாத்தா செய்த வேலை இதுதான். எந்தச் சூட்டில் கரி ஜெயிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வது வெப்ப இயக்கவியல். கழிவு என்று ஒதுக்கும் கசடில்கூட டாண்டலம், நியோபியம் இருக்கும். டாண்டலம் இன்று கைப்பேசிகளுக்குள் கொள்தேக்கியாக உட்கார்ந்திருக்கிறது.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதில்லை என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தமிழகத்தில் மூடிய மண்குகைகளில் இரும்பையும் கரியையும் வைத்துச் செய்த உருக்கு, ஐரோப்பாவில் ‘ஊட்ஸ்’ என்று பெயர் பெற்றது. அதன் ரகசியத்தைத் தேடி 1819இல் ஆராய்ந்தவர்களில் ஒருவர், கொல்லர் வீட்டுப் பிள்ளையான மைக்கேல் ஃபாரடே. அலுமினியமும் சிலிக்காவும்தான் காரணம் என்று நினைத்தார். தவறு; கூடுதலாக இருந்த கரியே காரணம். மேல்சிறுவளூரில் கிடைத்த குகைத் துண்டுகளைப் பரிசோதித்து உருக்குச் செய்முறையை ஆராய்ந்தவர் பெங்களூரின் சாரதா ஸ்ரீநிவாசன், பரதநாட்டியக் கலைஞரும்கூட. இரும்புப் படிப்பு ஆண்பிள்ளைப் படிப்பு என்போருக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அரிமானம், தேர்வு, முறிவு ஆய்வு. உடைந்த பொருளைக் கையில் கொடுத்து, ஏன் உடைந்தது என்று கேட்பார்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தில், அலையில்லாத தண்ணீரில் நின்ற ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய கப்பல் இரண்டாகப் பிளந்தது. குளிரில் எஃகு சில்லுப் போல உடையக்கூடியதாக மாறும் என்பதைப் பொறியாளர்கள் அப்படிப்பட்ட விபத்துகளில் கற்றார்கள். பிறகு தொழிற்பயிற்சி, இறுதியாண்டு ஆய்வு. பொறியாளர் வாரியம் ஏற்கும் பட்டமா என்று சேருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்த உறுப்பு நாடு என்பதால், அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு.

வேலை? அண்ணனின் கேள்வி அதுதானே. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறந்து, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் வந்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரிக்க, ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. ஆனால் ஈயம் பினாங்கை விட்டுப் போகவில்லை. உருக்காலையிலிருந்து சிப் தொழிற்சாலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு போட்டதும், 183 டிகிரி சோல்டர் பெரும்பாலும் விடைபெற்று, ஈயம், வெள்ளி, செம்பு சேர்ந்த 217 டிகிரி சோல்டர் வந்தது. சூடு கூடியதும் பலகை வளைந்தது, இணைப்பு விரிந்தது, எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருந்தது. தங்கம் விலை ஏறியதும் சிப்புக்குள் ஓடும் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிக்குப் பதில் பல இடங்களில் செம்புக் கம்பி வந்தது. இப்படி ஒவ்வொரு முறை மாறும்போதும், ஏன் என்று தெரிந்தவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதை வைத்து வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். சிப் தொழிலுக்கு ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. பொறியாளருக்கும் ஆட்குறைப்புக் கடிதம் வரும். மாணவியும் ஒளிக்காமல் சொன்னாள், சீனியர்களில் சிலர் ஆறேழு மாதம் அலைந்திருக்கிறார்கள், சிலர் துறையே மாறிவிட்டார்கள்.

அன்றிரவு அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். “சரி, நாலு வருஷம் படிச்சு நீ என்னதான் செய்வே?”

அவள் எழுந்து போய்ச் சாமி அலமாரியிலிருந்து தாத்தாவின் ஈயக் குச்சியை எடுத்து வந்தாள். அப்பாவின் காதருகே வைத்து வளைத்தாள். கிறீச்.

“இது ஏன் அழுதுன்னு தெரியுமாப்பா? உள்ளுக்குள்ள படிகத்துல ஒரு பகுதி சட்டுன்னு கண்ணாடி பிம்பம் மாதிரித் திரும்பிக்குது. அந்தச் சத்தம் இது. காலையில அந்த அக்கா சொன்னாங்க. கொள்ளுத்தாத்தாவுக்கு இது சுத்தமான ஈயம்னு தெரியும். உங்களுக்கு மெஷின் சத்தம் தெரியும். ரெண்டு பேருக்கும் ஏன்னு யாரும் சொல்லித் தரல. எனக்கு அதைத் தெரிஞ்சுக்கணும்.”

அண்ணன் குச்சியை வாங்கினார். தானே ஒருமுறை வளைத்துக் கேட்டார். திருப்பிப் போட்டு இன்னொரு முறை. அண்ணி ரசம் ஊற்ற வந்து நின்றுகொண்டே இருந்தார்.

“யூபியு எப்போ மூடுறாங்க?” என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, “நிபோங் திபால்ல பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் எப்படி, பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே வேனை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.