கர்ப்ப காலத்தில் பயணம்

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பயணம் செய்யத் தடை இல்லை. 14 முதல் 28 வாரம் வரையிலான காலம் இதற்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. அதற்கு முன் குமட்டலும் சோர்வும் மிகுதி. பின்னர் நெடுநேரம் உட்கார்வதே சிரமம். ஆனால் தமிழகத்தில் பல பெண்களின் முக்கியமான பயணம் 28 வாரம் கடந்த பிறகே வருகிறது. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு மருத்துவரையும் கேட்டுக்கொள்வது நல்லது. உயர் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கிய நிலை, முன்பு குறைப்பிரசவம் ஆகியவை இருந்தால் அவர் பயணமே வேண்டாம் எனலாம்.

வண்டி குலுங்கினால் கரு கலைந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. தொடக்க மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளுக்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். சாதாரணக் குலுக்கல் அல்ல. அசையாமல் உட்கார்ந்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. வளர்ந்த கருப்பை இரத்தக் குழாய்களை அழுத்துவதால் கால்களிலிருந்து இரத்தம் மெதுவாகவே மேலேறுகிறது. நெடும்பயணத்தில் காலில் இரத்தக்கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. காரில் செல்வோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கிச் சற்று நடக்க வேண்டும். பேருந்தில் இருப்போர் உட்கார்ந்தபடியே கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டலாம்.

பேருந்து நிலையக் கழிப்பறைகளுக்கு அஞ்சிப் பல பெண்கள் பயண நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. உடலில் நீர் குறைந்தால் உறைவு அபாயம் கூடும். சிறுநீரை அடக்குவது தொற்றுக்கு இடம் கொடுக்கும். தொற்று குறைப்பிரசவ வலியைத் தூண்டலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நெடுந்தொலைவுக்கு ரயில் மேலானது. முன்பதிவில் முதியோருடன் சேர்த்துக் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு.

காரில் வயிறு அழுந்தும் என்று சீட் பெல்ட்டைத் தவிர்ப்பது தவறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பகங்களுக்கு இடையே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே பட்டை போகக் கூடாது. சிறிய விபத்தானாலும், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடிபட்ட பல மணி நேரம் கழித்தும் நஞ்சுக்கொடி பிரியலாம். இருசக்கர வாகனத்தில் இத்தகைய பாதுகாப்பு எதுவுமில்லை. கடைசி மாதங்களில் அதைத் தவிர்ப்பதே சரி.

விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 36 வாரம் வரை ஏற்றிக்கொள்கின்றன. இரட்டைக் கருவுக்கு வரம்பு இன்னும் குறைவு. கடைசி வாரங்களில் மருத்துவர் சான்றும் கேட்பார்கள்.

தாய்வீட்டு ஊரில் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்தப் பெண் புதியவர். எனவே தாய்சேய் நல அட்டை, பிக்மி பதிவு எண், ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச்சீட்டு ஆகியவை பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். வழியில் இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, பார்வை மங்கலுடன் கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.