தாழ்வாரம் தொலையாத தெரு

குழந்தைகளே, ஜவ்வாது மலைக்கு வந்திருக்கிறீர்களா? ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் மலைவாழ் மக்களின் பழைய வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. மண்சுவர், புல் வேய்ந்த கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். மழைச்சாரல் மண்சுவரைக் கரைத்துவிடாமல் இருக்கத்தான் கூரையை அவ்வளவு தாழ்வாக இறக்கியிருக்கிறார்கள். ஆனால் கடைவீதிக்கு வந்து பாருங்கள். இரும்பு ஷட்டர் போட்ட கான்கிரீட் கடைகள்! போளூரிலும் இதேதான், வேலூரிலும் இதேதான். படம் எடுத்துக் காட்டினால் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஊரின் முகம் மாறாமல் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க முடியாதா? முடியும். அதைப் பார்க்க மலையிறங்கி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போவோம், வாருங்கள்.

அங்கே பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதியில் வணிகர்கள் வாழ்ந்த தெரு ஒன்று உண்டு. வைசியாள் வீதி என்பார்கள். கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் பெயர். பல வீடுகளில் கீழே நம் ஊர்த் திண்ணை, மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்!

இந்த வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது தாழ்வாரம். திண்ணைக்கு முன்னால், மரத்தூண்கள் தாங்கி நிற்கும் ஓட்டுச் சாய்ப்பு. வெயிலில் நடந்து போகிறவர், மழைக்கு ஒதுங்குகிறவர் எல்லாருக்கும் அது நிழல் தரும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் தாழ்வாரமும் வீட்டுக்கு வீடு தொடரும். நடுவில் ஒரே ஒருவர் இடித்தால் போதும், பல் விழுந்த வாய் போல் ஆகிவிடும்.

அப்படிப் பல வீடுகள் இடிந்தன. யாரைக் குறை சொல்வது? மரத்தூணைக் கரையான் தின்கிறது. ஓடு மாற்றப் பணம் வேண்டும். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். “என் வீடு, என் இஷ்டம்” என்று ஒருவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? வெறும் சட்டம் போட்டு மிரட்டினால் வேலை நடக்காது என்பது என் கருத்து. கை கொடுக்கவும் வேண்டும்.

2002ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, இன்டாக் அமைப்பினர் வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். இந்த முயற்சிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இப்படிப்பட்ட தெருக்களுக்கு என்னென்ன விதிகள் வைப்பார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டை மறைக்கும் உயரத்தில் மாடி எழுப்பக் கூடாது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்தக் கூடாது. கடைப் பலகை சிறியதாக இருக்கலாம், ஜன்னலையும் தூணையும் மூடக் கூடாது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். ஏன், சிமென்ட் பூசினால் என்ன? மண்பானையையும் எவர்சில்வர் குடத்தையும் நினைத்துப் பாருங்கள். பானையின் வெளிப்புறம் ஈரம் கசியும், குடத்தில் கசியாது. பழைய செங்கல் சுவரில் ஏறும் ஈரமும் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். சிமென்ட் பூசினால் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும்.

உள்ளே மின்விசிறி, புதுச் சமையலறை, குளியலறை எல்லாம் வைத்துக்கொள்ளலாம். வாழ்வதற்குத்தானே வீடு!

அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கடைத்தெருவை நிமிர்ந்து பாருங்கள். கீழே ஷட்டர் இருந்தாலும், விளம்பரப் பலகைக்கு மேலே பழைய ஓடோ மரத்தூணோ எட்டிப் பார்க்கலாம். கண்ணில் பட்டால் ஒரு தாளில் வரைந்து, அந்தக் கடை முன்பு எப்படி இருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு அடியில் எழுதி வையுங்கள்.