பெயர் சொல்லிக் கேட்டால்தான் எழுத்து வரும்



2023ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு எங்கள் பருப்பு மண்டியின் பழைய கணினி நின்றுவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்த கணக்குகளைப் புதிய கணினியில் ஏற்றித் திறந்தோம். பாக்கிப் பட்டியலில் தொகைகள் சரியாக இருந்தன. பெயர்களைத்தான் படிக்க முடியவில்லை. தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருந்தன. யாரிடம் எவ்வளவு வசூலிப்பது? பில் மென்பொருள் தந்தவரோ, "டேட்டா கெட்டுவிட்டது, புதிதாக ஏற்றுங்கள்" என்று கைவிரித்தார்.

உண்மையில் ஒன்றும் கெடவில்லை. இத்தகைய மென்பொருள், எழுத்துருவை அதன் குடும்பப் பெயர் சொல்லி விண்டோஸிடம் கேட்கிறது. நிறுவிய எழுத்துருக்களில் அந்தப் பெயர் இருந்தால் விண்டோஸ் எடுத்துத் தரும். இல்லாவிட்டால், நாம் கேட்ட மார்க்கா இல்லையென்று வேறு மார்க்கா மூட்டையைச் சொல்லாமல் ஏற்றிவிடும் கடைப்பையனைப் போல, வேறொன்றைத் தந்துவிடும்.

கோப்பின் பெயர் வேறு, குடும்பப் பெயர் வேறு. கோப்பின் பெயரை நாம் மாற்றினாலும் உள்ளே பதிந்த குடும்பப் பெயர் மாறாது. மென்பொருள் தேடுவது அதைத்தான்.

பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழை வைத்தவை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்த பிறகும் அவரவர் முறை தொடர்ந்தது. அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் ஆங்கிலக் குறிகளே தெரியும். யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. 2010இல் அரசும் அதை ஏற்றது. அதில் லதா இல்லாவிட்டால் நிர்மலா வந்து நிற்கும். எழுத்தின் சாயல் மாறும், தமிழ் மாறாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தோம். பெயர்கள் அத்தனையும் வந்தன. வசூலும் நடந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை: கணக்கைப் பென் டிரைவில் எடுக்கும்போது எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுப்போம். விண்டோஸ் 10, 11இல் எல்லாப் பயனர்களுக்கும் என்று நிறுவுவோம். ஒருவருக்கு மட்டும் நிறுவினால், கணக்குப்பிள்ளை தம் பெயரில் கணினியைத் திறக்கும்போது கிடைக்காது. விலைப்பட்டியலை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஆக அனுப்புவோம். புதிய மென்பொருள் வாங்கினால் யூனிகோடா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுப்போம்.

கணக்கு மட்டும் இருந்தால் போதாது. அதைப் படிக்க எழுத்தும் இருக்க வேண்டும்.