அன்றாடக் கணக்கும் ஆண்டவர் கிருபையும்

மாதத்தின் இருபதாந் தேதி கடந்துவிட்டால் ஆசிரியர் வீடுகளிலே கடைக் கொப்பி தடித்துவிடும். எங்கள் கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரின் வீட்டில் மட்டும் கடைக் கொப்பியே இல்லை. அவரிடம் இருப்பது வேறொரு கொப்பி. வந்ததும் போனதும் சதக் கணக்கு வரையில் அதிலே எழுதப்பட்டிருக்கும். "நாளைக்கு வேண்டியதைக் கர்த்தர் தருவார் என்கிறீர், பின்னர் இத்துணைக் கணக்கு எதற்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தருவது அவர் வேலை, மாஸ்டர்; தந்ததற்குக் கணக்கு வைப்பது என் வேலை" என்றார். மறுநாள் ஜோர்ஜ் முல்லர் என்பார் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளைக் கொணர்ந்து தந்தார். சைவனாகிய நான் குறை காணும் எண்ணத்துடனேயே அந்நூலைக் கையிலெடுத்தேன் என்பதை மறைப்பானேன்?

முல்லர் 1805ஆம் ஆண்டிலே பிரஷ்யாவிற் பிறந்தவர். தந்தையார் அரசாங்க வரி சேகரிப்பவர். அவர் பொறுப்பிலிருந்த அரசிறைப் பணத்தையே திருடியவர் இம்மகன். 16 வயதில் விடுதிக் கடனைக் கொடாது ஓட முயன்று சிறையும் புகுந்தார். 1825இல் ஹாலே நகரில் ஒரு வீட்டிலே நடைபெற்ற ஜெபக்கூட்டம் அவரைத் திருப்பியது. பின்னர் இங்கிலாந்து சென்று போதகரானார். 1830இல் தமக்குரிய நிரந்தரச் சம்பளத்தையும் வேண்டாமென்று விட்டார்.

பிரிஸ்டல் நகரிலே அநாதை இல்லம் ஒன்று தொடங்க எண்ணியபோது வீடு, பணம், தட்டுமுட்டு, வேலையாட்கள் என ஒவ்வொன்றுக்காகவும் ஜெபித்தார். 1836 பெப்ரவரியில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குக் குறித்த நாளிலே விண்ணப்பங்களுக்காகக் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளைத் தரும்படி மட்டும் தாம் வேண்டிக்கொள்ளவில்லை என்பது அப்பொழுதுதான் அவருக்கு உறைத்ததாம். இதனைத் தாமே எழுதிவைத்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரிலில் வில்சன் வீதியில் இல்லம் திறக்கப்பட்டது.

எவரிடமும் பணம் கேட்பதில்லை, கடனுக்கு ஒன்றும் வாங்குவதில்லை என்பன அவருடைய விரதங்கள். பிள்ளைகளின் இராப்போசனத்தைப் பணயம் வைத்து ஒருவர் தம் விசுவாசத்தைச் சோதிப்பது நீதியா? இக்கேள்வி என்னை நெடுநேரம் உறுத்தியது. 1838இலே பெட்டி வெறுமையான காலத்துக் குறிப்புகள் ஓரளவு விடை தருகின்றன. அவர் வேலையாட்களை அழைத்து நிலைமையைக் கூறினார், சேர்ந்து ஜெபித்தார்கள். தன்னிடம் இருப்பதைக் கொடாமல் ஆண்டவரிடம் கேட்பது நேர்மையன்று என்று சொல்லி ஊழியர் ஒருவர் 16 சிலிங்கை எடுத்து வைத்தார். விசுவாசமென்பது கைகட்டியிருத்தல் என்று நான் கொண்டிருந்த எண்ணம் இவ்விடத்திலே தளர்ந்தது.

1841 டிசம்பரில் நடந்தது அதனினும் வியப்பு. ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய காலம், கையிலோ பணமில்லை. அறிக்கையைப் படித்தோர் இரங்கிப் பணம் அனுப்பியிருப்பார்கள். அதுவும் ஒருவகை யாசகமே என்று கருதிய முல்லர் கூட்டங்களையும் அறிக்கையையும் சில மாதங்கள் பிற்போட்டார். நம்மூர்ச் சங்கங்களின் காரியதரிசிகள் இதனைக் கேட்டால் நகைப்பார்கள்!

காலையுணவின்றிப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, பால் வண்டி வாசலிலே உடைந்ததென்ற கதை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். கதை அழகானதுதான். எனக்கோ சிலிங்கும் பென்சும் எழுதிய அவருடைய ஏடே அதனிலும் பெரிய சான்றாகத் தோன்றுகிறது. 1870க்குள் ஆஷ்லி டவுன் மேட்டிலே ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்தன. அவற்றில் 2,050 பிள்ளைகளுக்கு இடமிருந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்தவர் ஆண்டவர் உண்மையுள்ளவர் என்பது எளிது. கிடையாதவர் என் செய்வார் என்ற ஐயம் எனக்கு எஞ்சியிருந்தது. முல்லருக்கும் எல்லாம் கிடைக்கவில்லை. 1835இலே கைக்குழந்தையாகிய மகனை இழந்தார். 1870 பெப்ரவரியில், 39 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மேரி மறைந்தார். அடக்கத்தின் பின் பிரசங்கத்தையும் அவரே செய்தார். இவளைத் தந்ததிலும், இத்தனை காலம் விட்டுவைத்ததிலும், இன்று எடுத்துக்கொண்டதிலும் ஆண்டவர் நல்லவரே என்பது அதன் பொருள்.

மேடைப் பேச்சென்று அதனை நான் ஒதுக்கியிருப்பேன். ஆனால் அந்நூலைத் திருப்பிக் கொடுக்குமுன்னரே நண்பருடைய இளைய மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். எட்டு வயது. ஒரு வாரத்தின் பின் அவர் வீட்டுக்குச் சென்றபோது மேசையிலே அக்கொப்பி விரிந்து கிடந்தது. மருந்துக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு, அயலார் தந்துதவியது இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒவ்வொரு மாதமும் அடியிலே அவர் எழுதும் "ஸ்தோத்திரம்" என்ற சொல் அம்மாதமும் இருந்தது. அதை ஒருமுறை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.